பாட்டா ஸ்டோய்கோவிச்: அஞ்சியவனின் அதிகாரம்

‘பால்கன் உளவாளி’ படத்தில் இலியா ச்வோரொவிச்சுக்குக் காவல்துறையிலிருந்து அழைப்பு வருகிறது. சின்ன விஷயம்தான். அவர் வீட்டில் ஓர் அறையை வாடகைக்கு எடுத்திருக்கும் ஆள் பல காலம் பாரிஸில் இருந்துவிட்டுத் திரும்பியவர். அவரைப் பற்றிச் சில கேள்விகள். அதிகாரி கேட்கிறார், பதிலைக் கேட்டுக்கொள்கிறார், வழக்கமான விசாரணைதான், கவலைப்பட ஒன்றுமில்லை, போகலாம் என்கிறார். அந்தப் ‘போகலாம்’தான் இலியாவின் வாழ்க்கையைக் குலைக்கிறது.

விடுவிக்கப்பட்டவர் பெருமூச்சு விடுவார் என்று நாம் எதிர்பார்ப்போம். இலியாவாக வரும் டானிலோ ஸ்டோய்கோவிச்சிடமும் அந்த நிம்மதி எட்டிப்பார்க்கிறது. அது முகத்தில் முழுதாகப் படர்வதற்குள் கண்ணுக்குள் வேறொரு கணக்கு ஓட ஆரம்பித்துவிடுகிறது. ஒன்றுமில்லை என்றால் எதற்காகக் கூப்பிட்டார்கள்? கூப்பிட்டவர்களே ஒன்றுமில்லை என்று ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறார்கள்? வீடு வந்து சேரும்போது அவருக்கு விடை கிடைத்துவிட்டது: குடியிருப்பவன் உளவாளி, அரசாங்கம் ஏமாந்துகொண்டிருக்கிறது, நாட்டைக் காப்பாற்றுகிற வேலை தன் தலைமேல் விழுந்திருக்கிறது.

இந்த மாற்றத்தை எந்த நடிகர் வேண்டுமானாலும் கண்ணை உருட்டி, புருவத்தை நெரித்துக் காட்டிவிடலாம். ஸ்டோய்கோவிச் அதற்குக் குரலைத்தான் நம்புகிறார். சற்றுக் கரகரத்த குரல் அது. தன் சொந்த வீட்டுக்குள்ளேயே அவர் அதைத் தாழ்த்திக்கொள்கிறார். சமையலறையில், படுக்கையறையில், தான் சம்பாதித்துக் கட்டிய சுவர்களுக்கு நடுவே ஒரு மனிதர் குசுகுசுவென்று பேசுகிறார். சிரிப்பு வருகிறது. அடுத்த கணமே, இவர் இப்படிப் பேசப் பழகியது இன்று நேற்றல்ல என்பது புரிந்து மனசு கனக்கிறது.

அந்தப் பழக்கத்துக்கு ஒரு வரலாறு உண்டு. 1948-இல் டிட்டோவின் யூகோஸ்லாவியா ஸ்டாலினோடு முறித்துக்கொண்டது. நேற்றுவரை ஸ்டாலினைப் போற்றச் சொன்ன அதே கட்சி, இன்றும் போற்றுகிறவர்களைத் தேடிப் பிடித்தது. ஏட்ரியாடிக் கடலில் கோலி ஓட்டோக் என்ற பாறைத்தீவில் 1949 முதல் அவர்களை அடைத்து வைத்தார்கள். இலியாவும் அந்தக் குற்றத்துக்காகச் சிறையில் இருந்து வந்தவர். வெளியே வந்து குடும்பம் நடத்தி, மகளைப் படிக்கவைத்து, முதுமையின் வாசலில் நிற்கிறவரை மறுபடியும் ஓர் அழைப்புக் கடிதம் தேடி வருகிறது. இந்தக் காயத்தைப் பற்றிப் படம் நீட்டி முழக்கவில்லை. அது அங்கே இருக்கிறது என்பதை ஸ்டோய்கோவிச்சின் உடம்பு ஒவ்வொரு காட்சியிலும் நினைவுபடுத்திக்கொண்டே இருக்கிறது.

நான் மிகவும் ரசிப்பது அவர் அந்த உடம்பை வளர்க்கும் விதத்தை. காவல் நிலையத்தில் இருந்தவர் குறுகிப்போனவர். வேவு பார்க்கத் தொடங்கியதும் மெல்ல நிமிர்கிறார். குறிப்பு எடுக்கிறார், படம் பிடிக்கிறார், யார் யாரைச் சந்தித்தார்கள் என்று அடுக்குகிறார். குடியிருப்பவரின் ஒவ்வொரு நண்பரும் சதியில் ஒரு கண்ணியாகிறார். பயம் அதிகமாக ஆக இலியாவின் நடையில் ஒரு மிடுக்கு ஏறுகிறது. விசாரிக்கப்பட்டவர் இப்போது விசாரிக்கிறவர். தன்னைக் கேள்வி கேட்ட அதிகாரியின் தோரணையை அவரே எடுத்துப் போட்டுக்கொண்டிருக்கிறார். நடிகர் இதைக் கேலியாகச் செய்திருந்தால் பத்து நிமிடத்தில் அலுத்திருக்கும். இலியா சொல்வது ஒவ்வொன்றையும் ஸ்டோய்கோவிச் நம்பிச் சொல்கிறார். இந்த மனிதர் வாழ்நாளில் முதல் தடவையாகத் தன்னை முக்கியமானவராக உணர்கிறார். அந்த உணர்வில் ஓர் இனிமை இருக்கிறது. அந்த இனிமையையும் நடிகர் மறைக்கவில்லை.

மனைவி டானிட்சாவாக மீரா பான்யாட்ஸ். இவர்கள் இருவரும் பேசிக்கொள்ளும் காட்சிகளைத் தனியாக எடுத்து வைத்துப் பார்க்கலாம். அவளிடம் பேசும் இலியாவின் குரலில் இரண்டு பேர் இருக்கிறார்கள்: ஒருவர் துப்பறிந்ததை அறிக்கையாக வாசிக்கிறார், இன்னொருவர் ‘நான் சொல்வது சரிதானே’ என்று பெண்டாட்டியின் முகத்தைப் பார்க்கிறார். முதலாமவர் முழங்கிக்கொண்டிருக்கும்போதே இரண்டாமவர் இடையில் புகுந்து அவள் கண்ணைத் தேடுவதைக் கவனியுங்கள். அவளுக்குப் புருஷனின் உடம்பைப் பற்றிய கவலை, வீட்டுக் கவலை, படிப்பு முடித்து வேலை கிடைக்காத மகளின் கவலை. கொஞ்சம் கொஞ்சமாக அவளும் அவர் சொல்வதற்குள் இழுபடுகிறாள். பான்யாட்ஸ் ஒரு வார்த்தை குறைத்துப் பேசினால் ஸ்டோய்கோவிச் ஒரு பிடி அதிகம் தருகிறார். அவள் எதிர்த்தால் இவர் குரல் வாக்கியத்தின் நடுவிலேயே மேலே ஏறி, பிறகு யாராவது கேட்டிருப்பார்களோ என்று அங்கேயே தணிகிறது. இப்படி ஏறி இறங்கும் ஒரே வாக்கியத்தில் வீட்டு எசமானும் பழைய கைதியும் மாறி மாறி எட்டிப்பார்க்கிறார்கள்.

கடைசியில் இரட்டைப் பிறவியான தம்பியையும் சேர்த்துக்கொண்டு இலியா அந்த வாடகைக்காரரைக் கட்டிப் போட்டு விசாரிக்கிறார். எதிரே இருப்பவர் ஒரு தையல்காரர். பாரிஸில் சம்பாதித்ததைக் கொண்டு ஊரில் ஒரு தையற்கடை வைக்கலாம் என்று வந்தவர். போரா டொடொரொவிச் அந்தப் பாத்திரத்தை நொந்துபோன பொறுமையோடு செய்திருக்கிறார். உண்மையைத் தவிர அவரிடம் சொல்வதற்கு எதுவுமில்லை. இலியாவுக்கோ உண்மையைத் தவிர வேறு ஏதாவது வேண்டும். அந்த வெறியிலேயே நெஞ்சுவலி வருகிறது. தையல்காரர் தப்பி விமான நிலையத்துக்குக் கிளம்பிவிடுகிறார். இலியா நான்கு காலில் தவழ்ந்து தெருவில் இறங்குகிறார். கூடவே வீட்டு நாய்.

படம் அந்தத் தவழலை அவசரமாக முடித்துவைப்பதில்லை. ஒரு பெரிய நடிகர் இங்கே நம் இரக்கத்தைக் கேட்டு வாங்கியிருக்கலாம். வாங்கினால் நாமும் கொடுத்திருப்போம். ஸ்டோய்கோவிச் கேட்பதில்லை. மூச்சு வாங்குகிறது, முழங்கால் தரையில் உரசுகிறது, தலை மட்டும் நிமிர்ந்து முன்னால் பார்க்கிறது. சாகக்கிடக்கும் அந்த உடம்பு இன்னும் பணியில் இருக்கிறது. சிரிப்பதா பதறுவதா என்று தெரியாமல் நம்மை அந்தத் தெருவில் விட்டுவிடுகிறார். 1984-ஆம் ஆண்டு புலா திரைப்பட விழாவில் சிறந்த நடிகருக்கான தங்க அரினா அவருக்குக் கிடைத்தது. அந்த விழாப் படங்களை ரோமானியர் கட்டிய வட்ட அரங்கில், திறந்த வானத்தின் கீழே, ஆயிரக்கணக்கானோர் உட்கார்ந்து பார்ப்பார்கள். குசுகுசுத்துப் பேசும் ஒரு வீட்டுக்காரரை அத்தனை பெரிய அரங்கு ஏற்றுக்கொண்டதை நினைத்தால் எனக்கு மகிழ்ச்சியாக இருக்கிறது.

ஸ்டோய்கோவிச் 1934 ஆகஸ்ட் 11 அன்று பெல்கிரேடில் பிறந்தார். அங்கேயே நடிப்புக் கல்வி பெற்றார். அங்கேயே 2002 மார்ச் 16 அன்று காலமானார். ஊரார் எல்லோருக்கும் அவர் ‘பாட்டா’தான். நாயகனுக்குரிய உயரமோ வாகோ அவருக்கு இல்லை. தடித்த உடல், வட்ட முகம், பேருந்தில் பக்கத்து இருக்கையில் பார்த்தால் திரும்பிப் பார்க்கத் தோன்றாத தோற்றம். அந்தத் தோற்றத்தை மறைக்க அவர் முயலவில்லை, அதிலேயே குடியேறிவிட்டார்.

அவர் நடித்த மேடைகளில் ‘அதெல்யே 212’ முக்கியமானது. 1956-இல் தொடங்கியபோது அரங்கில் இருந்த நாற்காலிகளின் எண்ணிக்கைதான் அந்தப் பெயரில் உள்ள 212. கம்யூனிஸ்ட் நாடொன்றில் பெக்கெட்டின் ‘கோதோவுக்காகக் காத்திருத்தல்’ முதன்முதலாகப் பொதுமேடையேறிய இடமும் அதுவே. சின்ன அரங்கம் நடிகருக்குக் கற்றுத்தரும் பாடம் பெரிய அரங்கில் கிடைக்காது. முதல் வரிசைக்காரருக்கு நடிகரின் கழுத்து நரம்பு தெரியும். பிறகு சினிமாவின் அண்மைக் காட்சிகளுக்கு முன் அவர் தடுமாறாமல் நின்றதற்கு இதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

யூகோஸ்லாவியா முழுவதும் அவரை வீட்டு மனிதராக ஏற்றுக்கொண்டது 1975-இல், ஸ்ர்ஜான் கரானொவிச்சின் ‘க்ர்லொம் உ யாகொதே’ என்ற தொலைக்காட்சித் தொடரால். பத்துப் பாகங்கள்; 1960-களின் ஒவ்வோர் ஆண்டுக்கும் ஒன்று. நாயகன் பானே என்ற இளைஞன். ஸ்டோய்கோவிச் அவனுடைய அப்பா. வீட்டில் மனைவியும் வயதான பாட்டியும் மகளும் மகனும் ஆளுக்கொரு திசையில் பேச, நடுவில் குடும்பத்தலைவர் என்ற பட்டத்தை மட்டும் வைத்துக்கொண்டு ஒருவர் உட்கார்ந்திருக்கிறார். அந்த அப்பாவை உற்றுப் பார்த்தால் இலியாவின் முன்னோடி தெரிவார். அதிகாரம் செய்ய ஆசை, செய்தால் யாரும் கேட்கமாட்டார்களே என்ற உள்ளூரச் சந்தேகம். தொடரில் அது அன்பாக முடிகிறது. அதே சரக்கு பின்னால் வேறு கைகளில் கசப்பாகிறது.

அந்தக் கைகள் ‘பால்கன் உளவாளி’யை எழுதிய துஷான் கோவாசெவிச்சுடையவை. 1948-இல் பிறந்தவர்; ஸ்டோய்கோவிச்சை விடப் பதினான்கு வயது இளையவர். அவர் எழுதும் மனிதர்கள் பெரும்பாலும் பேசிப் பேசியே தங்களைச் சிக்கவைத்துக்கொள்கிறவர்கள். அந்தப் பேச்சுக்கு ஒரு வாய் தேவைப்பட்டது. அது ஸ்டோய்கோவிச்சிடம் இருந்தது. கோவாசெவிச் எழுதி ஸ்லோபோதன் ஷியான் இயக்கிய முதல் படம் ‘அங்கே பாடுவது யார்’ 1980-இல் வந்தது. 1941 ஏப்ரல் 5. ‘கிர்ஸ்டிச்சும் மகனும்’ என்ற தனியார் பேருந்து, ஓட்டை உடைசலோடு, சில பயணிகளை ஏற்றிக்கொண்டு பெல்கிரேடுக்குக் கிளம்புகிறது. மறுநாள் காலை ஜெர்மானிய விமானங்கள் அந்த நகரத்தின்மேல் குண்டுபோடப் போகின்றன என்பது பார்க்கிற நமக்குத் தெரியும், பேருந்தில் இருப்பவர்களுக்குத் தெரியாது.

ஸ்டோய்கோவிச் இதில் பிர்கா: மீசை, தொப்பி, அடர்நிறக் கோட்டு, எல்லாவற்றிலும் ஒழுங்கை எதிர்பார்க்கும் கனவான். ஜெர்மானியர்மேல் அவருக்கு அபார மரியாதை. அங்கே எல்லாம் முறைப்படி நடக்கும், இங்கே எதுவும் உருப்படாது. படம் முழுக்க அவருடைய ஜெர்மானியர்கள் வந்துகொண்டே இருக்கிறார்கள். இந்த முரணை ஸ்டோய்கோவிச் ஒருமுறைகூட நம்மிடம் சுட்டிக்காட்டவில்லை. வேறொருவராக இருந்தால் குரலில் ஒரு சின்ன அழுத்தம் கொடுத்து, ‘பார்த்தீர்களா’ என்று கண் சிமிட்டியிருப்பார். பிர்கா தன் ஏப்ரல் 5-க்குள் முழுதாக இருக்கிறார். அவருக்கு நாளை என்பது பெல்கிரேடில் முடிக்கவேண்டிய காரியம், அவ்வளவுதான்.

பேருந்தின் முதலாளி-நடத்துநராக வருபவர் பாவ்லே வூயிசிச். இவர்கள் மோதும் இடங்களில் இரண்டு நடிப்புப் பள்ளிகள் மோதுவதைப் பார்க்கலாம். வூயிசிச் எதையும் செய்வதாகத் தெரியாது. மலைபோல நிற்பார், முனகலாக ஒரு பதிலைத் தள்ளிவிட்டுப் போவார். ஸ்டோய்கோவிச்சின் கோபத்துக்கோ படிகள் உண்டு: முதலில் நாகரிகம், பிறகு அறிவுரை, பிறகு நெஞ்சை நிமிர்த்தல், கடைசியில் அந்தக் கரகரத்த உச்சம். அவ்வளவு தூரம் ஏறிப்போய் மலையில் முட்டிக்கொண்டு, தொப்பியும் கோட்டும் கொடுத்த கௌரவத்தோடு திரும்ப வந்து இருக்கையில் அமர வேண்டும். அப்படி அமர்கிற பிர்காவை எனக்கு மிகவும் பிடிக்கும். தோற்றதை அவர் ஒப்புக்கொள்வதில்லை. கேட்க ஆளில்லாததால் பேச்சை நிறுத்திவிட்டதுபோல உட்காருகிறார்.

இந்தப் பிர்காவை நாம் வழிநெடுக விரும்பிவிடுகிறோம். அதன் விலை முடிவில் தெரிகிறது. முதல் உலகப்போரில் சண்டையிட்ட கிழவரின் பணப்பையைக் காணோம். வழியில் அது தவறி விழுந்ததை நாம் பார்த்திருக்கிறோம். பேருந்தோ இரண்டு ரோமா பாடகர்கள்மேல் பாய்கிறது. முன்னே நிற்பவர்களில் பிர்காவும் ஒருவர். ஒழுங்கு வேண்டும் என்று காலையிலிருந்து சொல்லிவந்த அதே குரல் அடியைத் தொடங்கி வைக்கிறது. ஸ்டோய்கோவிச் இதற்காகப் புதிய முகம் எதையும் மாட்டிக்கொள்ளவில்லை. நாம் சிரித்த அதே மீசை, அதே தோரணை. நகைச்சுவையாகக் கண்ட கடுகடுப்பு எத்தனை எளிதில் கையை ஓங்குகிறது என்பதை மேலும் ஒரு அசைவு கூட்டாமல் காட்டிவிடுகிறார். பிறகு குண்டு விழுகிறது. 1996-இல் யூகோஸ்லாவியத் திரைக்கலை அகாதெமியினர் வாக்களித்து 1947 முதல் 1995 வரையிலான செர்பியப் படங்களில் தலைசிறந்ததாக இதைத் தேர்ந்தெடுத்தார்கள்.

அடுத்த படம் 1982-இல், அதே ஷியான், அதே கோவாசெவிச்: ‘மாரத்தான் ஓட்டக்காரர்கள் கௌரவச் சுற்று ஓடுகிறார்கள்’. சவப்பெட்டி வியாபாரம் செய்யும் தொபாலொவிச் குடும்பத்தின் கதை. ஸ்டோய்கோவிச் செய்யும் லாக்கிக்கு மேலே தந்தை, பாட்டன், பூட்டன் எல்லோரும் உயிரோடு இருக்கிறார்கள். ஓட்டன் அப்போதுதான் இறந்திருக்கிறார். கீழே ஒரே மகன். முதியவர்கள் யாரும் வழிவிடுவதாக இல்லை. மகனிடம் அப்பாவாக உறுமிவிட்டு, மேலே திரும்பியதும் பையனாகிவிட வேண்டிய பாத்திரம். அந்தத் திரும்பலை அவர் எத்தனை முறை செய்தாலும் அலுக்கவில்லை. படத்தில் எல்லோரும் உரக்க நடிக்கிறார்கள், அவரும்தான். என் ரசனைக்கு இலியாவும் பிர்காவும் இதைவிட உயரம். ஆனால் செர்பியர்கள் அன்றாடப் பேச்சில் எடுத்துப் பேசும் வசனங்களில் பல இந்தப் படத்திலிருந்து வருபவை, அதற்கு நான் குறுக்கே நிற்க முடியாது.

கோரான் பாஸ்கல்யெவிச்சின் ‘1968-இன் ஏமாற்றுக் கோடை’ பற்றிச் சொல்லியே ஆகவேண்டும். அதுவும் 1984-இல்தான் வந்தது. ஒரே ஆண்டில் இலியாவும் இந்த அப்பாவும். இங்கேயும் மனைவி மீரா பான்யாட்ஸ். சிறு நகரத்தில் ஒரு குடும்பம். விடலைப் பருவத்து மகன் கண்ணில் படும் பெண்ணையெல்லாம் காதலித்து, கடைசியில் செக்கோஸ்லோவாக்கியாவிலிருந்து வந்த ஒரு பெண்ணிடம் மனதைக் கொடுக்கிறான். ஜூனில் பெல்கிரேட் மாணவர்கள் கிளர்ந்தெழுகிறார்கள், ஆகஸ்டில் சோவியத் டாங்கிகள் பிராகில் நுழைகின்றன. அப்பா அரசுப் பதவியில் இருக்கும் கண்டிப்பான கம்யூனிஸ்ட். செய்தி மாற மாற எது சரியான கருத்து என்று அவர் தேடவேண்டியிருக்கிறது. இலியாவின் அதே பயம்தான். பாஸ்கல்யெவிச்சின் இளகிய வெளிச்சத்தில் அது வேறுவிதமாகப் பழுக்கிறது. அதட்டிக்கொண்டே பிள்ளையைப் பாசத்தோடு பார்க்கும் இந்தத் தந்தையை இலியாவுக்கு அடுத்த நாள் பார்த்தால், ஒரே பாகற்காயை ஒரு வீட்டில் வறுத்தும் இன்னொரு வீட்டில் வெல்லம் சேர்த்தும் சாப்பிட்டதுபோல இருக்கும்.

1990-இல் பெல்கிரேடின் ஸ்வெஸ்தாரா அரங்கில் கோவாசெவிச்சின் ‘தொழில்முறையாளர்’ நாடகம். இலியா அமெச்சூர் வேவுக்காரர் என்றால், இதில் ஸ்டோய்கோவிச் ஏற்ற லூக்கா லாபன் சம்பளம் வாங்கி வேவு பார்த்தவர். ஓய்வுபெற்ற காவல்துறை ஆசாமி. ஒரு பதிப்பகத்தில் ஆசிரியராக உட்கார்ந்திருக்கும் எழுத்தாளரின் அறைக்கு ஒருநாள் பெட்டியோடு வருகிறார். எழுத்தாளர் பல ஆண்டுகளாக மதுக்கடைகளில், நண்பர்கள் நடுவில், போதையில் பேசியதையெல்லாம் இவர் பின்னாலேயே அலைந்து பதிவுசெய்து வைத்திருக்கிறார். பேசியவர் எழுதாமல் விட்டவை இப்போது தட்டச்சில் புத்தகங்களாக மேசைமேல் இருக்கின்றன. அங்கங்கே மறந்து விட்டுப்போன பொருள்களையும் பத்திரமாகக் கொண்டுவந்திருக்கிறார். எழுத்தாளராகப் போக்தான் திக்லிச் நடித்தார்.

லூக்கா சொல்ல வந்திருப்பது குற்ற ஒப்புதலா, மிரட்டலா, நட்பா? மூன்றுமே. இந்தப் பாத்திரத்தில் குரலை உயர்த்த அதிக இடமில்லை. உச்சத்துக்கு ஏறிப் புகழ்பெற்ற நடிகருக்கு அது ஒரு பெரும் கட்டுப்பாடு. இன்னொருவரின் வாழ்க்கையை அவரைவிடத் துல்லியமாக அறிந்த மனிதர், அதை ஒவ்வொன்றாக மேசைமேல் எடுத்து வைக்கவேண்டும். பொருளைக் கீழே வைக்கும் விதத்தில் அத்தனை ஆண்டுகளும் தெரியவேண்டும். இலியாவின் குறிப்புகளில் இருந்தது கற்பனை. லூக்காவின் காகிதங்களில் இருப்பது உண்மை. ஒரே நடிகர் இரண்டு கட்டுகளையும் கையில் ஏந்தியிருக்கிறார். 1984-இல் இலியாவைப் பார்த்துச் சிரித்தவர்கள், 1990-இல், அந்த அரசு உடைந்துகொண்டிருந்த வேளையில், லூக்காவின் முன்னால் உட்கார்ந்திருந்தார்கள்.

கோவாசெவிச் இந்த நாடகத்தைத் தாமே இயக்கிப் படமாக்கியது 2003-இல். ஸ்டோய்கோவிச் இறந்து ஓராண்டு கடந்திருந்தது. திக்லிச் அதில் இல்லை. எழுத்தாளராக பிரானிஸ்லாவ் லெச்சிச் நடித்தார். லூக்காவாக வந்தவர் போரா டொடொரொவிச், இலியா கட்டிப் போட்டு விசாரித்த அதே தையல்காரர். அவருடைய லூக்கா களைத்துப்போனவர், தழுதழுப்பவர், மன்னிக்கத் தோன்றுகிறவர். படம் அவரால் நிற்கிறது. படத்தைப் பார்க்கிறவர்கள் முதலில் ‘பால்கன் உளவாளி’யைப் பார்த்துவிட்டு வரவேண்டும் என்பேன். பெட்டியைத் திறந்து டொடொரொவிச் பேசத் தொடங்கும் இடத்தில், நாற்காலியில் கட்டுண்டு பொறுமையாகப் பதில் சொன்ன அந்த முகமும், அதற்கு எதிரே கேள்வி கேட்டுக் கேட்டு மூச்சிரைத்த பாட்டாவின் முகமும் சேர்ந்தே வருகின்றன.